பேரை அடிச்சா பாக்கி போயிடுமா?

நம்மூர்ல ஒரு நெனப்பு உண்டு. கம்பெனியை மூடியாச்சுன்னா கணக்கையும் மூடியாச்சு. சட்டப்படி இது தப்புங்க. நடைமுறையில பாதி உண்மை. அந்தப் பாதிதான் என் வயித்தெரிச்சல்.

ஒரத்தநாடு பக்கம் ஒருத்தர் விதை நெல் போட்டுத் தர்றதா ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டிருக்கார்னு வச்சுக்கங்க. நெல்லு போயாச்சு, பணம் வரலை. கேக்கப் போனா, "கம்பெனியே இப்ப இல்லையே" அப்படின்னு பதில்.

எப்படி இல்லாம போச்சு? ரெண்டு நிதியாண்டா தொழிலே நடக்கலைன்னு தெரிஞ்சா, கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 248-படி பதிவாளர் நோட்டீஸ் விட்டு, அரசிதழ்ல போட்டுப் பேரை அடிச்சிடலாம். 2017-ல மட்டும் நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேல இப்படி அடிச்சாங்க.

ஆனா பேர் போனதால பாக்கி போயிடாது. வரவேண்டியதை வசூலிக்கவும் கொடுக்கவேண்டியதைக் கொடுக்கவும் அந்தக் கம்பெனி இன்னும் இருக்குறதாத்தான் பிரிவு 250 சொல்லுது. இயக்குநர்களுக்கு முன்னாடி என்ன பொறுப்பு இருந்துச்சோ அதுவும் தொடரும். (புதுசா எதுவும் முளைக்காது. கம்பெனிக் கடன் அவங்க சொந்தக் கடனா மாறிடாது.)

பிரிவு 252 இன்னும் ஒரு படி மேல. கடன்காரர், அதாவது பணம் வரவேண்டியவர், அரசிதழ்ல வந்த நாள்லேர்ந்து 20 வருஷத்துக்குள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய்ப் பேரை மீட்கச் சொல்லலாம். மீட்டா, பேரை அடிக்கவே இல்லைங்கற மாதிரி எல்லாரையும் முடிஞ்சவரை பழைய நிலையில வைக்க உத்தரவு போடலாம். பேர் இல்லாத காலத்துல கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு இந்த ஒரு வரிதான் உயிர்த்தண்ணி. மீட்கலைன்னா, எதிர்ப்பக்கம் ஆளே இல்லாத ஒப்பந்தம் அது.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 20 வருஷம்ங்கறது பேரை மீட்க. பாக்கிக்கு வழக்குப் போட பொதுவா மூணே வருஷம். அது தன் பாட்டுக்கு ஓடும். தீர்ப்பாயம் இருக்கறது சென்னையில. பேர் போன கம்பெனி மேலயும் திவால் மனு போடலாம்னு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019-ல சொல்லிச்சு. அடுத்த வருஷமே அந்த மனுவுக்கான குறைந்தபட்ச பாக்கியை 1 லட்சத்துலேர்ந்து 1 கோடியா ஏத்திட்டாங்க. எத்தனை மா நிலத்துல விதை நெல் போட்டா ஒரு கோடி பாக்கி நிக்கும், சொல்லுங்க?

திருமண்டங்குடி ஆலையைப் பாருங்க. திரு ஆரூரான் சர்க்கரை ஆலைக்குப் பேர் போகலை, திவால் நடவடிக்கையில கைமாறிச்சு, அவ்வளவுதான். அதுக்கே பாக்கியைக் கேட்டும், தங்க பேர்ல எடுத்த வங்கிக் கடனை அடைக்கச் சொல்லியும் கரும்பு விவசாயிகள் 2022 நவம்பர் கடைசியில போராட்டத்துல உக்காந்தாங்க. பேரும் ஊரும் தெரிஞ்ச ஆலைக்கே அந்தக் கதி. பேரே இல்லாத சின்னக் கம்பெனிகிட்ட தனி ஆள் என்ன பண்ணுவார்?

என் கட்சி இதுதான். பாக்கிக்கெல்லாம் வழி இருக்கான்னு பாத்துட்டுத்தான் பேரை அடிக்கணும்னு சட்டமே பதிவாளருக்குச் சொல்லுது. ஆட்சேபம் சொல்ல 30 நாள் டயமும் உண்டு. ஆனா அறிவிப்பு வர்றது அரசிதழ், இணையதளம், ரெண்டு பேப்பர். சம்பா அறுப்பு நேரத்துல யாருங்க அரசிதழ் படிக்கறா? அதே அறிவிப்பைக் கொள்முதல் நிலையத்துலயும் வேளாண்மை அலுவலகத்துலயும் ஒட்டினா என்ன செலவாகிடும்?

அதுவரைக்கும் நாமதான் உஷாரா இருக்கணும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கம்பெனி விவகார அமைச்சகத்தோட தளத்துல பேரைத் தட்டிப் பாருங்க. காசு கிடையாது. 'ஸ்ட்ரைக் ஆஃப்'னு காட்டுச்சுன்னா பேனாவை மூடிடுங்க. ஊர்ல இணையம் பாக்கத் தெரியாத பெரியவங்களுக்கு நாம பாத்துச் சொல்லலாமே.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. உங்க பாக்கி நிஜப் பாக்கின்னா, மூணு வருஷம் முடியறதுக்குள்ள ஒரு நல்ல வக்கீலைப் பாருங்க.