கீழே இறக்கிவிட்டு முறுக்குங்கள்!

செய்முறைத் தேர்வில் பின்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டச் சொல்கிறார்கள். எதில்? ஸ்டாண்டில் நிற்கும் வெறும் சேஸிஸில். நட்டுகளை இறுக்கியதும் மார்க் விழுந்துவிடுகிறது. இது போதாது நண்பர்களே.

அம்பாசிடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் உற்பத்தி நின்றுபோனாலும் நம்மைப் போன்றவர்களுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பின் ஆக்சிலை இரண்டு பட்டை ஸ்பிரிங்குகளோடு யு-போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. சென்டர் போல்ட்டின் தலை அதற்குரிய குழியில் உட்காராவிட்டால் ஆக்சில் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி ஓடும். அது கண்ணுக்குத் தெரிகிற தப்பு, யாராவது பிடித்துவிடுவார்கள்.

தெரியாத தப்பு ரப்பர் புஷ்ஷில் இருக்கிறது. அந்த ரப்பர் வழுக்குவதில்லை. திருகிக் கொடுத்துத்தான் வேலை செய்கிறது. ஆக்சில் தொங்கும்போதே ஷாக்கிள் போல்ட்டை முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் பாரம் ஏறிப் பட்டை நிமிர, ரப்பர் திருகியபடியே மாட்டிக்கொள்ளும். வண்டி சும்மா நிற்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. சீக்கிரம் கிழியும். அதனால்தான் ஒர்க்‌ஷாப் பெரியவர்கள், "மொதல்ல கையால மாட்டு, கீழ எறக்கு, அப்புறம் முறுக்கு தம்பி" என்கிறார்கள். யு-போல்ட்டையும் கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறுக்கச் சொல்வார்கள். பட்டைகள் படிந்ததும் அது தளரும்.

பாரமே இல்லாத சேஸிஸில் இதை எப்படிக் கத்துக்கிறது? புஷ் கிழிஞ்சா காசு போறது யாரோ ஒரு டாக்சிக்காரருக்கு. நம் சங்கம் இந்த வருஷம் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது சக்கரத்தில் நிற்கும் ஒரு பழைய கார். அந்தக் கடைசி முறுக்குக்குத் தனி மார்க்கும் வேண்டும்.