‘கண்டெடுப்பு’ என்னும் சொல்லின் அரசியல்

அறுபது, எழுபதுகளின் அமெரிக்க சோல், ஃபங்க் இசைத்தட்டுகள் மறுவெளியீடு காணும்போதெல்லாம் இரண்டு சொற்கள் தவறாமல் உடன்வருகின்றன: ‘தொலைந்தவை’, ‘கண்டெடுக்கப்பட்டவை’. விளம்பரம் எழுதுவோர் அவற்றைக் கையாள்வதில் வியப்பில்லை. இசை ஆய்வேடுகளும் அவற்றைக் கேள்வியின்றி எடுத்தாள்வதுதான் கண்டனத்துக்குரியது.

யாரிடமிருந்து தொலைந்தன? சிகாகோவின் சில் ஜான்சன் 1967இல் பாடிய ‘டிஃபரென்ட் ஸ்ட்ரோக்ஸ்’ பாடலின் தொடக்கத் தாளத்தை ஹிப்-ஹாப் கலைஞர்கள் பலர் வெட்டியெடுத்துத் தங்கள் பாடல்களில் பதித்தனர். ஜான்சன் அதை அறியாதவர் அல்லர். உரிய பணம் கேட்டு அலைந்தார். 2011இல் கான்யே வெஸ்ட், ஜே-ஸி ஆகியோர்மீது வழக்கே தொடுத்தார். தம் குரலின் துணுக்குகள் எங்கெங்கே போயின என்று கணக்குக் கேட்ட ஒருவரின் படைப்பை ‘தொலைந்தது’ என்று எப்படிச் சொல்வது? 2010இல் நியூமெரோ குரூப் அவருடைய பழைய பதிவுகளைப் பெருந்தொகுப்பாக வெளியிட்டது. நேர்த்தியான பணி, ஐயமில்லை. கிராமி விருதின் வரலாற்றுத் தொகுப்புப் பிரிவுக்கு அது பரிந்துரைக்கவும்பட்டது. ஆனால் அப்பிரிவின் விருது தொகுத்தவருக்கும் ஒலிச்செம்மை செய்தவருக்கும் உரியது, பாடியவருக்கு அன்று. ஜான்சன் அப்போது உயிரோடிருந்தார்.

அதே நிறுவனத்தின் முதல் வெளியீடு, 2004இல் வந்த கேப்சோல் தொகுப்பு. கேப்சோல், ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்துச் சிறு நிறுவனம். கண்டுபிடிப்புப் பயணம் கொலம்பஸ் பெயர்தாங்கிய ஊரிலிருந்து தொடங்கியதை வரலாற்றின் எள்ளல் என்றே கொள்ளலாம். அதை நடத்திய பில் மாஸ் அந்நகரின் வானொலி அறிவிப்பாளர். பள்ளிக் கல்விக் குழுவில் பல்லாண்டு உறுப்பினராக இருந்தவர். அவ்வூர்க் கறுப்பின மக்களுக்கு அவர் எந்நாளும் தொலைந்திருக்கவில்லை. அத்தகைய சிறு நிறுவனங்களின் தட்டுகளுக்கு விநியோக வலையும் நாடு தழுவிய வானொலி வாய்ப்பும் கிட்டவில்லை என்பதே செய்தி. அதற்குப் பெயர் புறக்கணிப்பு. புறக்கணித்தவர் என்று ஒருவர் உண்டு. ‘தொலைந்தது’ என்னும் வினையோ அவரை மறைத்துவிடுகிறது.

சேகரிப்பாளர் தரப்பில் ஒரு வாதம் உண்டு: தாங்கள் தேடியிராவிட்டால் எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும் என்பது. அதில் பாதி உண்மை. 2008இல் யுனிவர்சல் வளாகத்துத் தீயில் மூல நாடாக்கள் எரிந்ததன் முழு அளவு 2019இல் ஒரு செய்தித்தாள் எழுதிய பிறகே பொதுவெளியில் பேசப்பட்டது. பெருநிறுவனங்களின் பாதுகாப்பு இவ்வளவுதான் எனில், தனியாரின் அலமாரிகளுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். எனினும் காப்பாற்றியவருக்குரிய நன்றி வேறு, படைத்தவருக்குரிய பங்கு வேறு. ஃப்ராங்க் வில்சனின் 1965ஆம் ஆண்டுத் தட்டு ஒன்று 2009இல் 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது. பிரிட்டனில் ஓவியம் மறுவிற்பனையானால் ஓவியருக்குப் பங்கு தரச் சட்டம் இருக்கிறது; இசைத்தட்டுக்கு அது பொருந்தாது.

பக்கவாத்தியக்காரரின் நிலை இன்னும் மோசம். 1969இல் பதிவான ‘ஃபங்கி டிரம்மர்’ தாளத்தை வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். உலகில் மிக அதிகமாக வெட்டியெடுக்கப்பட்ட தாளங்களில் அது ஒன்று. பாடலாக்க உரிமை ஜேம்ஸ் பிரவுன் பெயரில் இருந்தது. அத்தாளத்தை வாசித்த கைகளுக்கு அதில் பங்கில்லை.

இந்தியாவுக்கும் இக்கதை வந்துவிட்டது. ரூபா பிஸ்வாஸ் கனடாவில் பாடிப் பதிவுசெய்த ‘டிஸ்கோ ஜாஸ்’ 1982இல் வெளிவந்து விலைபோகாமல் முடங்கியது. பிற்காலத்தில் அதன் பழைய பிரதிகள் இணையச் சந்தையில் நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறின. பாடியவரோ கொல்கத்தாவில் வாழ்ந்துகொண்டிருந்தார். முறையான மறுவெளியீடு 2019இல்தான் வந்தது.

மறுவெளியீட்டு உறைக்குள் வரும் சிறுநூல், விற்பவர் எழுதுவிக்கும் நூல். அதில் உழைப்பு உண்டு, அரிய நிழற்படங்கள் உண்டு. ஒப்பந்தம் மட்டும் இராது. அதையே முதன்மைச் சான்றாக அடிக்குறிப்பில் இட்டு இயல்கள் எழுதப்படுகின்றன. மூல ஒப்பந்தத்தில் யார் கையொப்பமிட்டார், வாத்தியக்காரர்களின் பெயர்கள் பதிவாயினவா, மறுவெளியீட்டில் யாருக்கு எவ்வளவு போயிற்று என்று ஒரு வரிகூடத் தேடாமல் ‘கண்டெடுப்பு’ என்று தலைப்பிட்டு வரும் ஆய்வேட்டை, நெறியாளர் கையொப்பமிடாமல் திருப்பியனுப்ப வேண்டும்.