எய்தவன் இருக்க அம்பை நோவதேன்?

ஏ-9 வீதியில் நள்ளிரவுக்குப் பின் நிகழும் லொறி விபத்துகள் பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் முடிகின்றன. சாரதியின் நித்திரைக் கலக்கமே விபத்துக்குக் காரணம் என ஆரம்பகட்ட விசாரணைகளில் தெரியவந்துள்ளதாகப் பொலிஸார் தெரிவித்தனர். பத்திரிகைத் தொழிலிலேயே காலத்தைக் கழித்தவன் என்பதால் இந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த மனிதர் ஏன் நித்திரையின்றி வாகனம் செலுத்தினார் என்ற கேள்விக்கு அதில் விடையும் இல்லை.

எங்கள் கொக்குவில் புகையிலையாலும் சுருட்டாலும் தென்னிலங்கையோடு வணிகம் செய்த ஊர். 1905இல் கொழும்புக்கும் வடக்குக்கும் இடையிலான புகையிரதப் பாதை முழுமையடைந்தது. 1990இல் போர் அதனைத் துண்டித்தது. ஏ-9 வீதி 2002இல் திறந்தது, 2006 ஆகஸ்டில் மூடுண்டது, போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணம் திரும்பியது. ஆனாலும் இங்கிருந்து வெங்காயமும் பீற்றூட்டும் போவதும், அங்கிருந்து சீனியும் சீமெந்தும் வருவதும் பெரும்பாலும் லொறியில்தான். புகையிரதச் சாரதிக்குக் கடமை நேரம் உண்டு, ஓய்வறை உண்டு. லொறிச் சாரதிக்கு இருப்பது இருக்கை மட்டுமே.

அவருடைய ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். பகலில் சரக்கு ஏற்றும் இடத்தில் காத்திருப்பு. மாலையில் புறப்பாடு. கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர், அதாவது ஓர் இரவு முழுவதற்குமான ஓட்டம். விடியற்காலைச் சந்தைக்குத் தம்புள்ளையிலோ புறக்கோட்டையிலோ சரக்கு இறங்கியாக வேண்டும். பிந்தினால் விலை விழும், முதலாளியின் முகம் சுருங்கும். மறுநாள் பகல் வெக்கையில் லொறிக்குள்ளேயே அரைத்தூக்கம். திரும்பும் சுமை கிடைத்ததும் மீண்டும் இரவு ஓட்டம். சம்பளம் மணிக்கணக்கில் அல்ல, ஓட்டக் கணக்கில். ஓய்வெடுத்தால் வருமானம் குறையும் என்ற ஏற்பாட்டுக்குள் ஒருவரை நிறுத்திவிட்டு, ஏன் ஓய்வெடுக்கவில்லை என்று கேட்பது நியாயமா?

தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயற்திறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்பதை 1997இலேயே ஆய்வாளர்கள் காட்டினர். பல நாடுகளில் வாகனம் செலுத்தத் தடை தொடங்கும் அளவு அது. குடித்துவிட்டுச் செலுத்துபவரைப் பிடிக்கக் கருவி இருக்கிறது. நித்திரையின்றிச் செலுத்துபவரைப் பிடிக்க அப்படியொன்று பொலிஸாரின் கையில் இல்லை. வீதிச் சோதனையில் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எல்லாம் கேட்கப்படுகின்றன. கடைசியாக எப்போது நித்திரை கொண்டீர் என்று எவரும் கேட்பதில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. இலங்கையில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கெனச் சம்பளச் சபை இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் செலுத்த வேண்டும். ஆனால் ஓட்டத்துக்கு ஓட்டம் கையில் காசு வாங்குபவரின் பெயர் எந்தப் பேரேட்டில் இருக்கும்? அவர் ஊழியர் என்பதையே நிரூபிக்க முடியாதபோது, சட்டம் யாரைக் காக்கும்?

முதலாளிமாரை மட்டும் குறைசொல்வதற்கில்லை. அவர்களிற் பலர் குத்தகைத் தவணை கட்டும் ஒற்றை லொறிக்காரர்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் பரவலாகத் திறந்தது. 2022 தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் அவ்வாண்டு ஜூன் மாதம் 460 ரூபாவானது. அதே மாதத்தில், அங்குருவாத்தோட்டையில் ஐந்து நாட்கள் எரிபொருள் வரிசையில் நின்ற 63 வயது லொறிச் சாரதி ஒருவர் தமது வாகனத்திலேயே இறந்து கிடந்தார். அந்த நெருக்கடியின் சுமை கடைசியில் சாரதியின் தூக்கத்தின்மேல்தான் இறங்கியது.

இது நம் நாட்டுக்கு மட்டுமான கதையன்று. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் 2018 ஏப்ரல் 6ஆம் திகதி இளைஞர் ஹொக்கி அணியின் பஸ்ஸும் ஒரு சரக்கு லொறியும் மோதியதில் 16 பேர் மாண்டனர். நிறுத்தற் சமிக்ஞையைத் தாண்டிச் சென்ற லொறிச் சாரதி வேலைக்குப் புதியவர். விபத்துக்கு முந்திய 11 நாட்களில் வேலைநேரப் பதிவு முதலியவற்றில் 70 விதிமீறல்கள் நிகழ்ந்திருந்ததாக அரச அறிக்கை கூறிற்று. சாரதிக்கு எட்டு ஆண்டுச் சிறை. லொறி நிறுவன உரிமையாளருக்கு 5,000 டொலர் அபராதம். சாரதி குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். பயிற்சி போதாத ஒருவரைப் பெருஞ்சுமையோடு வீதிக்கு அனுப்பியவரின் பங்கு அவ்வளவுதானா என்பதே என் கேள்வி.

இதற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு விடை உண்டு. அங்கு பெரும்பாலான மாநிலங்களில் 2014 முதல் நடைமுறையிலுள்ள கனரக வாகனச் சட்டம் 'பொறுப்புச் சங்கிலி' என்ற கோட்பாட்டைக் கொண்டது. சரக்கை அனுப்புபவர், ஏற்றுபவர், நேரத்தை நிர்ணயிப்பவர், பெற்றுக்கொள்பவர் ஆகிய அனைவரும் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். சாரதி சட்டத்தை மீறாமல் வந்து சேரவே முடியாத நேரத்தைக் குறித்துக் கொடுத்த வியாபாரியும் நீதிமன்றம் ஏற நேரலாம்.

இங்கே இப்படிச் செய்தால் பொருட்களின் விலை ஏறிவிடும் என்பார்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு லொறியில் 10,000 கிலோ வெங்காயம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு ஓட்டத்துக்கு இரண்டாவது சாரதி ஒருவரைச் சேர்த்து அவருக்கு 10,000 ரூபா கொடுத்தாலும் கிலோவுக்கு ஒரு ரூபாதான் கூடும். அந்த ஒரு ரூபாவைக் கொடுக்க மறுப்பவர்கள் நாமாக இருந்தால், சங்கிலியின் கடைசிக் கண்ணியும் நாமே.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கொழும்பு ஓட்டத்துக்கு இரண்டு சாரதிகள். நாட்சம்பளமும் சேமலாப நிதியும். வவுனியாவை அண்டி, தண்ணீரும் மலசலகூடமும் படுக்கையும் உள்ள ஓய்விடம் ஒன்று. விபத்து விசாரணையில் சாரதியின் வாக்குமூலத்தோடு, சரக்கு எப்போது ஏற்றப்பட்டது, எப்போது சேர வேண்டுமென்று சொல்லப்பட்டது என்பதற்கான பதிவு. வர்த்தகர் சங்கங்கள் மனம் வைத்தால் முதல் இரண்டையும் புதிய சட்டம் வரும்வரை காத்திராமல் நாளையே தொடங்கலாம்.

அடுத்தமுறை நித்திரைக் கலக்கம் என்ற சொல்லைச் செய்தியில் வாசிக்கும்போது, அந்த லொறிக்கு நேரம் குறித்துக் கொடுத்தவர் யார் என்றும் கேளுங்கள். வாசகர்கள் கேட்கத் தொடங்கினால் செய்தியாளர்கள் விசாரிப்பார்கள். செய்தியாளர்கள் விசாரித்தால் பொலிஸாரும் அதைப் பதிந்தே ஆகவேண்டி வரும்.