தூள் கிளப்பாதீங்க, பாஸ்!

மர வேலைப் பட்டறையில் உற்பத்தியாகும் சரக்கு இரண்டு. ஒன்று மேஜை, நாற்காலி, கதவு வகையறா. இன்னொன்று தூள். முதலாவதை வாங்க நாம் நாலு முறை அலைய வேண்டும். இரண்டாவது கூப்பிடாமலே டோர் டெலிவரி!

கே.கே. நகரில் ஒரு சந்து. சந்துக்குள் ஒரு பட்டறை. பக்கத்து வீட்டு மாமி மொட்டை மாடியில் வடாம் காய வைத்தால் ஒரு மணி நேரத்தில் அது தேக்கு வடாம். ஒருநாள் மாமி நேரிலேயே இறங்கி வந்துவிட்டார்.

"இதோ பாருப்பா, உன் தேக்கு எனக்கு வேண்டாம். என் வடாமை விட்டுடு!"

முதலாளி பயந்துபோய், தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கினார். பெரிய விசிறி, ஒரு மோட்டார், நீளக் குழாய், தூளைப் பிடிக்க ஆள் உயரத் துணிப் பை. அன்றைக்குப் பிடித்தது காமெடி.

பை பலூன் மாதிரி உப்பியதும் எல்லோரும் கைதட்டினார்கள். பையின் வாயைச் சுற்றிப் பட்டையை இறுக்க வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் 'டப்'! பை கழன்று, காலையிலிருந்து சேர்ந்த தூள் மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே. அப்போதுதான் வார்னிஷ் அடித்து நிறுத்தியிருந்த இரண்டு கதவுகளும் கதவு அளவு உப்புத்தாளாக மாறின.

அடுத்த பிரச்னை, மெஷினுக்கு நல்லது கெட்டது தெரியாது. மேஸ்திரி காதில் செருகி வைத்திருந்து கீழே விழுந்த பென்சில் போச்சு. வாடிக்கையாளர் அளவு எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டும் போச்சு. அந்த அலமாரியை ஞாபகத்திலேயே செய்தார்கள். இன்றைக்கும் அது ஜன்னலை இரண்டு அங்குலம் மறைத்துக்கொண்டு நிற்கிறதாம்.

பிளாஸ்டிக் குழாயில் தூள் உரசிக்கொண்டே ஓடினால் மின்சாரம் சேரும். தெரியாமல் தொட்ட டீக்கடைத் தம்பிக்கு 'சுரீர்'! அன்றிலிருந்து டீ வாசலோடு சரி. பிறகு யாரோ விஷயம் தெரிந்தவர் குழாயில் செப்புக் கம்பி சுற்றி எர்த் கொடுத்த பிறகுதான் உள்ளே வந்தது.

ஆணி உள்ளே போனால் மட்டும் சிரிக்கக் கூடாது. இரும்பு விசிறியில் பட்டால் தீப்பொறி. காற்றில் மிதக்கும் மரத்தூளில் பொறி விழுந்தால் வெடிக்கும். 2015-ல் இங்கிலாந்தில் பாஸ்லி என்ற ஊர் மரத்தூள் ஆலை வெடித்து 4 பேர் இறந்து போனார்கள்.

துணிப் பை தலைவலிக்கு மருந்தும் மர மில்லில்தான் இருந்தது. 1970-களின் கடைசியில் ஜேம்ஸ் டைசன் என்ற இங்கிலாந்துக்காரர், ஒரு மர அறுவை மில் கூரையில் பெரிய கூம்பு ஒன்றைப் பார்த்தார். தூளோடு வரும் காற்று அதற்குள் சுழலும். தூள் ஓரத்தில் ஒதுங்கிக் கீழே இறங்க, காற்று நடுவழியாக மேலே போய்விடும். இதையே குட்டியாக்கிப் பையில்லாத வாக்குவம் கிளீனர் செய்ய அவருக்கு 5,127 மாதிரிகள் தேவைப்பட்டன. அதாவது 5,126 அரியர்ஸ்! பி.காம். நண்பர்களே, மனம் தளர வேண்டாம்.

சரி, கொஞ்சம் சீரியஸாக. தரையில் விழும் தூள் சாது. விளக்குமாற்றுக்குக் கட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாத தூள்தான் வில்லன். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். 10 மைக்ரானுக்குக் குறைந்த தூள் மார்பு வரை போகும். சாதாரணத் துணிப் பை இதைப் பிடிக்காது. உறிஞ்சியதை அப்படியே அறைக்குள் திருப்பி விட்டுவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்துவிட்டது. முக்கியமாக மூக்குக்குள் வரும் புற்றுநோய்.

சட்டம் இல்லாமல் இல்லை. தூசி பிறக்கும் இடத்துக்கு முடிந்தவரை பக்கத்திலேயே உறிஞ்சும் கருவி இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஆனால் கரண்ட்டில் ஓடும் இடமென்றால் குறைந்தது 10 பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கணக்கில் அது தொழிற்சாலையாக இருந்தது. நாலு பேர் பட்டறையைச் சட்டம் பொதுவாக எட்டிப் பார்த்ததில்லை.

அதிருக்கட்டும். அடுத்த மாசம் கல்யாணம், வீட்டில் அலமாரி வேலை நடக்கிறதா? சோபாவுக்கு பெட்ஷீட் போர்த்துவீர்கள். டி.வி.க்கு பாலிதீன் கவர். பெட்ரூம் கதவைச் சாத்தி, இடுக்கில் பழைய வேட்டி. எல்லாம் சரி... நடுவில் உட்கார்ந்து பிளைவுட்டை அறுக்கும் ஆசாரிக்கு? ஒரு ஈரிழைத் துண்டு!

அதில் நிற்பது பெரிய தூள் மட்டும்தான். கொரோனாவில் வாங்கிப் பிரிக்காமல் பீரோவில் தூங்கும் என்-95 மாஸ்க் இருந்தால் நாலு எடுத்துக் கொடுங்கள். அறுக்கிற வேலையை மட்டும் பால்கனியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாஸ்க்கை அவர் வாங்கி, தேங்க்ஸ் சொல்லி, தாடையில் மாட்டிக்கொள்வார்.

"அண்ணே... மூக்கு மேலே!" என்று ஒரு குரல் கொடுப்பது உங்கள் வேலை.