கைத்தொலைபேசியில் வந்ததை வயலில் சோதிப்போம்

காணியையும் கிணற்றையும் தூக்கிக்கொண்டு ஒருவரும் இடம்பெயர்ந்ததில்லை. 1990இலும் 1995இலும் 2009இலும் ஊர்விட்டு ஊர் சென்ற எமது மக்கள் தம்மோடு கொண்டுசெல்லக்கூடியதாக இருந்த சொத்து பிள்ளைகளின் படிப்பே. மரநிழலிலும் கோவில் விறாந்தையிலும் கரும்பலகையைச் சாய்த்து வைத்துப் பாடம் நடத்திய ஆசிரியர்களை நாம் மறக்கவில்லை.

அதே மக்களின் வீடுகளில் இன்று வேறொரு கேள்வி எழுந்துள்ளது. பாடசாலை வேலை வட்ஸ்அப்பில் வருகிறது என்று பிள்ளை கைத்தொலைபேசியைக் கேட்கிறது. கொடுப்பதா, மறுப்பதா என்று பெற்றோர் எம்மிடம் கேட்கின்றனர். விஞ்ஞான பாடத்தைப் பொறுத்தவரையில் எமது கருத்தை இங்கே கூற விரும்புகின்றோம்.

2020 மார்ச்சில் கொரோனா நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர்கள் பலர் வட்ஸ்அப் குழுக்களை அமைத்துப் பாடக் குறிப்புகளைப் படம் பிடித்து அனுப்பினர். அது பாராட்டுக்குரிய முயற்சி. எனினும் இரண்டு குறைகள் இருந்தன. தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளை வகுப்புக்கு வெளியே நின்றது. தொலைபேசி உள்ள பிள்ளையோ குறிப்பைப் பார்த்துக் கொப்பியில் எழுதியதோடு நின்றுவிட்டது. பார்த்து எழுதுவது விஞ்ஞானம் ஆகாது. உற்று நோக்குவது, கேள்வி கேட்பது, சோதித்துப் பார்ப்பது, இவையே விஞ்ஞானம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 2018/19 காலபோகத்தில் எமது நாட்டின் சோளச் செய்கையைப் படைப்புழு தாக்கியது. சேனா புழு என்றும் அதனை அழைத்தனர். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இப்புழு 2016இல் ஆபிரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும் கண்டுபிடிக்கப்பட்டு, அதே ஆண்டில் இங்கும் வந்து சேர்ந்தது. அதன் தலையில் தலைகீழான ஆங்கில 'வை' எழுத்துப் போன்ற கோடு இருக்கும். வால்பக்கத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். இதை அறிந்த பிள்ளை தகப்பனின் சோளக் குருத்தை விரித்து, புழுவைப் படம் பிடித்து வகுப்புக் குழுவுக்கு அனுப்பலாம். இது படைப்புழுவா, வேறு புழுவா என்று வகுப்பே ஆராயலாம். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி என்று மனனம் செய்த பாடம் அப்போது தன் வீட்டு வயலிலேயே நடப்பதைப் பிள்ளை காணும். சந்தேகம் தீராவிட்டால் அதே படத்தை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

இனி, அதே தொலைபேசியில் வேறு செய்திகளும் வரும். "குருத்துக்குள் சாம்பல் போட்டால் புழு செத்துவிடும், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று ஒருவர் அனுப்புவார். நம்புவதா, தள்ளுவதா? இங்கேதான் விஞ்ஞான ஆசிரியரின் பணி தொடங்குகிறது. ஒரே நாளில் விதைத்த, ஒரே மண்ணில் நிற்கும் இருபது செடிகளைத் தெரிவு செய்க. பத்துக்குச் சாம்பல் இடுக. பத்தை அப்படியே விடுக. ஒரு வாரத்தின் பின் இரண்டிலும் உயிருள்ள புழுக்களை எண்ணி எழுதுக. இதுவே பாடநூல் கூறும் கட்டுப்பாட்டுப் பரிசோதனை. பூச்சிகொல்லி மருந்துகளை மட்டும் பிள்ளைகள் தொடவே கூடாது.

இப்பழக்கம் இல்லாமையால் நாடு பட்ட பாட்டையும் அறிவோம். 2020 டிசம்பரில் கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பாணியை வாங்குவதற்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துத் திரண்டனர். எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா என்று கேட்டவர்கள் சிலரே. ஒரு போகத்தின் விளைச்சலையே நம்பிக் கடன்பட்டு விதைக்கும் குடும்பத்துக்கு இக்கேள்வி பரீட்சைக்கு மாத்திரம் உரியதன்று. பொய்யான ஓர் ஆலோசனை அடுத்த போகத்து விதை நெல்லையே விழுங்கிவிடும்.

ஆகவே தொலைபேசியை வகுப்பறையிலிருந்து விரட்ட வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஒழுங்கோடு பயன்படுத்த வேண்டும் என்கின்றோம்.

முதலாவது, பிள்ளைக்குத் தனிக் கணக்கு வேண்டாம். முகநூல் நிறுவனமே பதின்மூன்று வயதுக்குக் குறைந்தோரை ஏற்பதில்லை. அவுஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்கள் பலவற்றில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துள்ளது. வகுப்புக் குழு ஆசிரியரினதும் பெற்றோரினதும் இலக்கங்களில் இயங்கட்டும். அதில் புழுவின் படம் வரலாம், பிள்ளையின் படம் வர வேண்டியதில்லை.

இரண்டாவது, ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி போதும். சனிக்கிழமை மாலையில் பங்கு மண்டபத்தில் கூடிப் பார்க்கலாம். காணொளிக்கு டேட்டா அதிகம் செலவாகும். ஒரு படமும் ஒரு கேள்வியும் போதுமானவை. தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளையே அன்றைய அவதானிப்பை வாசிக்கட்டும்.

மூன்றாவது, கொப்பியைக் கைவிடக்கூடாது. 2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் அரசு சமூக வலைத்தளங்களை இடைநிறுத்தியது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. தொலைபேசி அணைந்தாலும் கொப்பியில் எழுதியது நிற்கும்.

ஆண்டவர் இயேசு விதையையும் அத்திமரத்தையும் வானத்துப் பறவைகளையும் காட்டியே கற்பித்தார். மக்கள் நாளாந்தம் கண்டவற்றிலிருந்தே தொடங்கினார். எமது விஞ்ஞான பாடமும் பிள்ளையின் வீட்டு முற்றத்திலிருந்து தொடங்கட்டும்.

பெற்றோரே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "எங்கள் பிள்ளை வயலில் கண்டதைக் குழுவில் கேட்கலாமா?" ஆசிரியர் சம்மதித்தால், வருகின்ற காலபோகத்தில் உங்கள் சோளத்தில் இருபது செடிகளைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். காணி இல்லாமல் உறவினர் வளவில் இருப்போர் நான்கு சாக்குகளில் மண் நிரப்பி நட்டாலும் போதும். பிள்ளை எண்ணி எழுதியதை எமக்கும் அனுப்பி வையுங்கள்.