பருவம் கேட்கும் சுங்கம்

மார்கழி பிறந்து, விடியுமுன்பே திருவரங்கம் நோக்கி வண்டிகள் நகரத் தொடங்கும் நாட்களில், திருச்சியின் பெட்ரோல் பங்குகளில் ஒரு பழைய குறை மறுபடி காதில் விழும்: பனிக்காலம் வந்தால் வண்டி மைலேஜ் கொடுப்பதில்லை. சொல்பவர் குரலில் ஏமாற்றம் இருக்கும், கேட்பவர் தலையசைப்பில் ஒப்புதல் இருக்கும். எஞ்சின் என்ற ஒன்று இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே நம் முன்னோர் இதே குறையை வேறு சொற்களில் சொல்லியிருப்பார்கள். எதில் ஏறிப் போனாலும் பருவம் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. மன்னார்புரத்தை அடுத்த டிவிஎஸ் டோல்கேட்டில் இன்று பழைய சாவடி இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. பருவம் வாங்கும் சுங்கமோ பெயரில்லாமலே வசூலாகிக்கொண்டிருக்கிறது.

குறையில் உண்மை இல்லாமல் இல்லை. இரவெல்லாம் ஆறி நின்ற எஞ்சினில் ஆயில் கெட்டிப்பட்டிருக்கும். அதைத் தள்ளிச் சுழலவே கொஞ்சம் பெட்ரோல் போய்விடும். குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது என்பதால், சூடேறும் வரை எஞ்சினுக்குள் அது கூடுதலாகவே செலுத்தப்படுகிறது. ஏறத்தாழ ஐந்தரை டிகிரி குளிர்ந்தால் டயரில் ஒரு பிஎஸ்ஐ காற்று இறங்கும். தளர்ந்த டயர் உருளச் சிரமப்படும். குளிர்காற்றுக்கு அடர்த்தியும் அதிகம், நெடுஞ்சாலையில் விரைபவர் அதைக் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸிலிருந்து மைனஸ் 7-க்கு இறங்கினால் நகருக்குள் ஓடும் பெட்ரோல் காரின் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறைகிறது; ஐந்தாறு கிலோமீட்டரில் முடிந்துவிடும் பயணங்களில் இழப்பு 24 சதவீதம் வரை போகிறது. ஆனால் அவர்கள் கதகதப்பான நாளுக்கு அளவுகோலாக வைத்திருக்கும் 25 டிகிரி, நமக்கு மார்கழி மாதத்துக் காலைப்பொழுது. திருச்சியின் தை மாத இரவு 20 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது. கனடாவின் ஸ்கார்பரோவில் ஜனவரி விடியலில் கண்ணாடிப் பனியைச் சுரண்டிவிட்டுக் காரில் ஏறும் ஈழத்தமிழர் நம் புலம்பலைக் கேட்டால் சிரிப்பார். லடாக்கில் வண்டி ஓட்டுபவரும் சிரிப்பார். சாதாரண டீசல் அங்கே இறுகிப்போகும் என்பதால் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலை 2019-இல் இந்தியன் ஆயில் தனியாகவே கொண்டுவர வேண்டியிருந்தது.

சுங்கம் குறைவு என்பதால் அது இல்லை என்றாகிவிடாது. நாயக்கர் காலத்துத் திருச்சிராப்பள்ளியில் வண்டிமாடுகளிடம் அதை வசூலித்தது வெயில். 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த ராணி மங்கம்மாளை, தென்னாட்டார் இன்றும் சாலைகளாலும் சத்திரங்களாலும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். நிழல் மரம், கிணறு, சத்திரம், தண்ணீர்ப்பந்தல் என்று அக்காலச் சாலையோரங்களில் இருந்தவற்றையெல்லாம் அறம் என்றே படித்துப் பழகிவிட்டோம். அவை அறம்தான், கூடவே எரிபொருள் சிக்கனத்துக்கான ஏற்பாடும்கூட. உச்சிவெயிலில் ஓட்டினால் மாட்டின் நடை தளரும், தண்ணீரும் தீனியும் போதாமல் போகும், வழியிலேயே படுத்துவிட்டால் பாரம் முழுதும் சாலையில் கிடக்கும். ஆகவே பாரவண்டிகளை அந்தி சாய்ந்தபின் பூட்டினார்கள். வண்டிக்கடியில் விளக்கைத் தொங்கவிட்டு, மாடு வழியறியும் என்ற நம்பிக்கையில் வண்டிக்காரர் கண்ணயர, இரவெல்லாம் நடந்து, வெயில் ஏறுமுன் ஏதோ ஒரு தோப்பில் அவிழ்த்தார்கள். பருவத்தை எதிர்க்க அவர்களிடம் ஒன்றுமில்லை. தங்கள் பொழுதை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள்.

1862-இல் நாகப்பட்டினத்திலிருந்து வந்த ரயில்பாதை திருச்சியைத் தொட்டது. இரும்புக்கு வெயிலென்ன, பனியென்ன என்று அந்தத் தலைமுறை எண்ணியிருக்கக்கூடும். ஆனால் நீராவி எஞ்சினின் கொதிகலன் ஒருமுறை ஆறிவிட்டால், மறுபடி நீராவி கட்ட மணிக்கணக்கில் கரி எரிக்க வேண்டும். அத்தனை கரி எரிந்தும் சக்கரம் ஓர் அடிகூட நகர்ந்திருக்காது. அதற்காகவே அடுப்பை அணையவிடாமல் இரவு முழுதும் நெருப்பைக் காத்தார்கள். நாகையிலிருந்து இடம் மாறி 1928-இல் பொன்மலைக்கு வந்த பணிமனை அந்த வித்தையை இன்னும் கைவிடவில்லை. ஊட்டி மலை ரயிலுக்கான நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டிலும் அது கட்டித் தந்திருக்கிறது. திருச்சி வெயிலில் உருவான எஞ்சின்கள் குன்னூர்க் குளிரில் மலையேறுகின்றன.

பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது, பெட்ரோல் ரேஷனுக்குப் போனது. மதுரையில் பஸ் தொழிலைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், மரக்கரியிலிருந்து வாயு எடுத்து எஞ்சினை ஓட்டும் கலத்தைத் தயாரித்து விற்றது. அந்தக் கலத்தைச் சுமந்துகொண்டு கரி பஸ்கள் இருமியபடி ஓடின. முதல் பஸ் புறப்பட வெகுநேரம் முன்பே எழுந்து, கரியைப் பற்றவைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றூதி, வாயு பிடிக்கும் வரை க்ளீனர் பையன் விடமாட்டான். ஆறிய எஞ்சின் எவ்வளவு கேட்கும் என்பது அவன் தோள்பட்டைக்குத் தெரியும். அடுத்து வந்த அம்பாசிடரிலும் பத்மினியிலும் சோக்கை இழுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பஜாஜ் ஸ்கூட்டரை ஒருபக்கம் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்துக் கிளப்பியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். சோக் என்பது கூடுதல் பெட்ரோலுக்கு வழிவிடுவதுதான் என்று ஓட்டியவர் எல்லோருக்கும் தெரியும், வாடையே சொல்லிவிடும். கார்களில் எப்போதோ போய்விட்ட சோக், 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 விதிகள் நாடு முழுதும் வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளிலிருந்தும் பெரும்பாலும் விடைபெற்றது. அந்த வேலையை இப்போது வண்டிக்குள் இருக்கும் கணினி செய்கிறது. செலவு நின்றுவிடவில்லை, கண்ணுக்கும் மூக்கிற்கும் தட்டுப்படாமல் போய்விட்டது, அவ்வளவே.

இரவில் மாடு பூட்டிய அந்த வண்டிக்காரரின் வாரிசுகள்தாம் நாம். ஆனால் கத்திரி வெயில் கொளுத்தும் நண்பகலில், அவர் மாட்டை அவிழ்த்துவிட்டு மரநிழலில் படுத்திருந்த அதே வேளையில், கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கிறோம். கடும் வெப்பத்தில் ஏசி மட்டுமே மைலேஜில் கால் பங்குக்கு மேல் தின்றுவிடக்கூடும் என்பதும் அதே அமெரிக்கத் துறையின் கணக்குதான். சித்திரையும் வைகாசியும் வாங்குவதோடு ஒப்பிட்டால் மார்கழி கேட்பது சில்லறை. மின்சாரக் கார்கள் இந்தக் கணக்கைத் தீர்த்துவிடும் என்பாருக்கும் ஒரு செய்தி உண்டு. பெட்ரோல் எஞ்சின் வீணாக்கும் வெப்பம் குளிர்நாடுகளில் காருக்குள் கணப்பாகிவிடுகிறது. மின்காரில் அந்தக் கணப்புக்கும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019-இல் சோதித்தபோது, மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டரோடு ஓடிய மின்கார்களின் தூரம் சராசரியாக 41 சதவீதம் குறைந்தது. நமக்கு அந்தக் குளிர் இல்லை, ஏசி உண்டு. நம் பேரப்பிள்ளைகளும் சார்ஜ் நிற்பதில்லை என்று பருவத்தின் மேல் பழி போடுவார்கள்.

விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் சுருங்கிய பெட்ரோல் நிறையக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பனிக்கால மைலேஜ் குறையின் குடும்பத்தைச் சேர்ந்ததே; பங்கின் தொட்டி பூமிக்கடியில் இருக்கிறது, அங்கே காலையும் மாலையும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த ஊரில் பனியின் மேல் விழும் பழியில் பெரும்பங்கு குறும்பயணத்துக்கு உரியது என்பது என் முடிவு. மன்னார்புரத்திலிருந்து சுப்பிரமணியபுரத்துக்குச் சாமான் வாங்கப் போகும் கார், எஞ்சின் முழுச்சூட்டை எட்டுமுன்பே நின்றுவிடுகிறது. தையானாலும் ஆடியானாலும் அது ஆறிய எஞ்சினின் மைலேஜைத்தான் கொடுக்கும். வாசலிலேயே வண்டியை ஐந்து நிமிடம் உறுமவிடுவதும் பழைய நாட்களின் எச்சம். இன்றைய எஞ்சின் மெல்ல ஓட்டினாலே சீக்கிரம் சூடேறிவிடும். மாதம் ஒருமுறை, வண்டி ஆறியிருக்கும்போது டயரில் காற்றைப் பாருங்கள். நாலு வேலையை ஒரே நடையில் முடித்துவிடுங்கள். சுப்பிரமணியபுரம் வரைக்கும்தானே, நடந்தே போய் வாருங்கள்.