கிருமிக்கு அவகாசம் கொடுப்பது யார்?



பறவைக்காய்ச்சல் என்று பேப்பரில் ஒரு வரி வந்தால் போதும், முட்டை விலை சரிந்துவிடுகிறது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் கோழிகள் செத்தன. நாமக்கல்லில் ஒரு கோழிக்கும் நோய் இல்லை. ஆனாலும் அடி நமக்கும் சேர்த்தே விழுந்தது.

எல்லாம் வலசை வரும் பறவையால் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்கிறார்கள். இது பாதி உண்மைதான். காட்டு வாத்தின் குடலில் இந்தக் கிருமி காலங்காலமாக இருக்கிறது, பெரும்பாலும் சாதுவாக. அதன் மேலுள்ள புரதத்தை ஒரு நொதி வெட்டினால்தான் அது உயிரணுவுக்குள் நுழைய முடியும். சாதுக் கிருமியை வெட்டும் நொதி மூச்சுக்குழாயிலும் குடலிலும் மட்டுமே உண்டு. ஆனால் கொட்டகையில் ஆயிரக்கணக்கில் கோழி நெருக்கியடித்து நிற்கிறதே! ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் பெருகப் பெருக, நகலில் பிழை விழுகிறது. எச்5, எச்7 வகைகளில் அந்த வெட்டும் இடத்திலேயே பிழை விழுந்தால், உடம்பின் எல்லா உறுப்பிலும் உள்ள நொதி அதை வெட்டும். அப்புறம் மூளை, இதயம் எதுவும் தப்பாது. ரெண்டு மூணு நாளில் கொட்டகை காலி.

இது ஏட்டுக் கதை அல்ல. 1983 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எச்5என்2 சாதாரண சளி மாதிரித்தான் வந்தது. விட்டுவிட்டார்கள். அக்டோபரில் அதே கிருமி கொலைகாரனாகிவிட்டது. அடங்குவதற்குள் சுமார் 1 கோடியே 70 லட்சம் பறவைகளை அழித்தார்கள். ஆறு மாத அவகாசம், அவ்வளவுதான்!

இன்னொரு வழியும் உண்டு. இதன் மரபுப்பொருள் எட்டுத் துண்டு. ரெண்டு வகைக் கிருமி ஒரே பறவைக்குள் புகுந்தால் சீட்டுக்கட்டு மாதிரி கலந்து புதுசாக ஒன்று வரும். 1996இல் சீனாவின் குவாங்டாங்கில் வாத்தில் கண்ட எச்5என்1 வழி வந்தது, 1997இல் ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றி 6 பேரைக் கொன்றது. 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாட்டிலும் இந்த எச்5என்1 கண்டுபிடிக்கப்பட்டது.

ஆக, சாதுவாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். முதலில் பார்ப்பவன் பண்ணைக்காரன்தான். அவன் ஏன் வாய் திறப்பதில்லை? கொன்று புதைத்த கோழிக்குத்தான் நஷ்டஈடு, அதற்கு முன்னால் செத்ததற்கு இல்லை. விலைச் சரிவுக்கோ பேச்சே இல்லை. குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது என்கிறபோது, கொட்டகைக் கடனும் வளர்ப்புக் கூலியும் யார் கணக்கு? நமக்குள் பேசிக்கொள்வோம், செத்த கோழியைச் சாக்கில் கட்டி வாய்க்காலில் போட்டவர் நம்மிலும் உண்டு. அது தப்பு. ஆனால் சொன்னவன் நஷ்டப்படுவான், மறைத்தவன் தப்பிப்பான் என்று விதி போட்டது நாமல்ல.

தகவல் சொன்ன நாளில் இருந்த கோழி எண்ணிக்கைக்கு நஷ்டஈடு கொடு! வளர்ப்புக் கூலியை விவசாயி கையில் கொடு! போபாலுக்கு மாதிரி அனுப்பிக் காத்திராமல் முதல் சோதனையை மாவட்டத்திலேயே செய்! இவற்றைக் கேட்கத்தான் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத் தாள் இருப்பவர்கள் மறக்காமல் நகல் எடுத்து வாருங்கள்.